கதவு யாருக்கு, நாற்காலி எங்கே: ரெண்டு பெட்ரூம் வீட்டில் இரண்டு பேர் வேலை

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. பெங்களூர் கக்கதாசபுராவில் ரெண்டு பெட்ரூம் வாடகை வீடு. உங்களுக்கும் கணவருக்கும் ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. மகள் மூன்றாம் வகுப்பு. சேலத்திலிருந்து வந்த மாமியார் கூடவே இருக்கிறார். கணவர் பெட்ரூமில், நீங்கள் டைனிங் டேபிளில். இரண்டு பேருக்குமே வேலை ஓடவில்லை. மூன்று பெட்ரூம் வீட்டுக்கு மாறுவதா, இல்லை இதே வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?

இதே வீட்டில் செய்ய முடியும். அலுவலகங்களுக்கு இடம் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு அதில் ஒரு பெரிய பங்கு வீடுகளுக்குள் வந்துவிட்டது. அல்சூர் பக்கத்துப் பழைய வீடுகள், வைட்ஃபீல்டு அடுக்குமாடிகள் என்று நிறையப் பார்த்தாகிவிட்டது. எல்லோரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "எந்த ரூமை ஆபீஸ் ஆக்கலாம்?" அதற்கு முன்னால் உங்கள் வேலையைப் பேசும் வேலை, பேசாத வேலை என்று பிரித்துப் பாருங்கள். பேசும் வேலைக்குக் கதவு வேண்டும். பேசாத வேலைக்குக் கதவு வேண்டாம். சரியான நாற்காலியும் நல்ல வெளிச்சமும், முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடாத ஒரு மூலையும் இருந்தால் போதும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு வேண்டியது இரண்டு ஆபீஸ் ரூம் இல்லை. கதவுள்ள ஓர் இருக்கை, கதவில்லாத ஓர் இருக்கை. கதவுள்ள இருக்கை கணவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. யாருக்கு மீட்டிங் கால் (அழைப்பு) இருக்கிறதோ அவருக்கு. கால் முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். இந்த ஒன்றை இருவரும் மனதார ஒத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் உங்கள் வீட்டு ஏற்பாடுதான் இருக்கிறது: கணவருக்குக் கதவு, மனைவிக்கு டைனிங் டேபிள். யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை, தானாக அமைந்தது. ஆனால் அதன் விளைவு பெரிது. டைனிங் டேபிளில் இருப்பவர்தான் காலிங் பெல்லுக்கு எழுந்து போகிறார். கூரியர்க்காரருக்கு ஓடிபி சொல்வது, தண்ணீர் கேன் வாங்கி வைப்பது, வேலைக்கு வரும் அக்காவுக்குப் பதில் சொல்வது, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் தலையில் விழுகிறது. சாயங்காலம் "உனக்கென்ன, நீயும் வீட்டில்தானே இருந்தாய்" என்ற பேச்சும் அவருக்குத்தான். இரண்டு சம்பளத்தில் ஓடும் வீட்டில் இது நியாயமே இல்லை. ஆகவே மேஜை வாங்குவதற்கு முன் பெல்லுக்கு யார் எழுந்து போவது என்று முடிவு செய்யுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொள்ளலாம். காலை உங்களுக்கு, மதியம் அவருக்கு என்றும் பிரிக்கலாம். கதவுக்குள் இருந்தாலும், கால் இல்லாத நேரமென்றால் தன் முறைக்கு அவர் எழுந்து வர வேண்டும்.

கதவுள்ள இருக்கையை எந்த அறையில் வைப்பது? தயங்காமல் பெட்ரூமில் வையுங்கள். மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி எல்லாம் சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஹாலில் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் குரலை எதிரொலிக்க விடும், எதிர்முனையில் கேட்பவருக்குக் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும். இரண்டு பெட்ரூமில் சமையலறைச் சுவரை ஒட்டாத அறையைத் தேர்ந்தெடுங்கள். வாடகை வீட்டு உள்கதவுகள் பெரும்பாலும் லேசானவை, அடியில் ஒரு விரல் இடைவெளி இருக்கும். சத்தத்தில் கணிசமான பங்கு அந்த இடைவெளி வழியாகத்தான் வருகிறது. கதவின் அடியில் பொருத்தும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த வேலையில் செலவுக்கு மீறிய பலன் தருவது அதுதான்.

ஹெட்செட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விலை உயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைத்தான் குறைக்கும். குக்கர் விசில் எதிர்முனைக்குப் போவதை அது தடுக்காது. அதற்கு வேண்டியது வாய்க்கருகே நீண்டு வரும் மைக். கால் சென்டர்களில் போடுகிறார்களே, அந்த மாதிரி. மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் குரல் ஓங்கி, வீட்டுச் சத்தம் அடங்கும். டீம்ஸ், ஜூம், மீட் எல்லாவற்றிலும் பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதி உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். ஆனால் மிக்ஸி ஓடும்போது எந்த வடிகட்டியும் முழுதாகக் கைகொடுக்காது. மிக்ஸிக்கு நேரம் பேசிக்கொள்வதுதான் வழி.

அந்த மைக் வைத்த ஹெட்செட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு வீட்டில் மகன் காதுக்குள் மறையும் சின்ன இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு பேசுவார். அவர் கால்-இல் இருக்கிறாரா, சும்மா திரையைப் பார்க்கிறாரா என்று அவர் அம்மாவுக்குத் தெரியாது. "காபி போடட்டுமா" என்று பக்கத்தில் வந்து கேட்பார். மகன் திரும்பாமலே கையை உதறுவார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய், வெகு நேரம் வெளியே வரவில்லை. நான் அங்கே அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தலைக்கு மேல் பட்டை தெரிகிற பெரிய ஹெட்செட் வாங்கச் சொன்னேன். "தலையில் அது இருந்தால் பேசிக்கொண்டிருக்கிறான், கழற்றி மேஜையில் வைத்திருந்தால் கூப்பிடலாம்." இந்த ஒரு விதியைத்தான் அம்மாவுக்குச் சொன்னோம். அவரும் சரியென்றார், அதன்படியே நடந்தது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வேண்டுமென்று தொந்தரவு செய்வதில்லை. எப்போது பேசலாம், எப்போது கூடாது என்பதற்கு அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் எதுவும் நாம் வைப்பதில்லை.

இதையொட்டி இன்னொரு யோசனை. உங்கள் வீட்டுச் சமையலறையில் தினசரிக் காலண்டர் தொங்கும் என்று நினைக்கிறேன். அத்தை காலையில் தாளைக் கிழித்ததும் ராகு காலம், எமகண்டம் பார்ப்பார். அந்தத் தாளிலேயே, ராகு காலத்துக்குப் பக்கத்தில், அன்றைக்கு இருவருக்கும் உள்ள முக்கியமான கால்களை எழுதிவிடுங்கள். "11 – 12 அவன், 2.30 – 3 நான்" என்று எழுதினால் போதும். போனில் இருக்கும் கூகுள் காலண்டர் உங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தாள் வீட்டுக்கே தெரியும். தேங்காய் அரைப்பதும் டிவி போடுவதும் தானாக அதைச் சுற்றி நகரும். நீங்கள் போய்ச் சொல்லவும் வேண்டாம், அவர் வந்து கேட்கவும் வேண்டாம்.

நேரம் என்றதும் நினைவு வருகிறது. அமெரிக்கா, இங்கிலாந்துக் குழுக்களோடு வேலை செய்பவர்கள் வருடத்துக்கு இருமுறை மாட்டிக்கொள்ளும் இடம் இது. லண்டனில் காலை 10 மணி மீட்டிங் கோடையில் நமக்கு மதியம் 2.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் அது 3.30 ஆகிவிடும், பள்ளி வேன் வந்து மகள் இறங்கும் நேரம். சான்ஃபிரான்சிஸ்கோவில் காலை 8 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 8.30. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 9.30. முதல் கணக்கில் இரவுச் சாப்பாடு போகிறது, இரண்டாம் கணக்கில் குழந்தையைத் தூங்க வைப்பது போகிறது. கடிகாரம் மாறுகிற வாரத்தில் கணவன் மனைவி உட்கார்ந்து, வேனுக்கு யார் கீழே போவது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதை மறுபடி பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் அந்தப் பாரமும் ஒருவர் மேலேயே விழும்.

மகள் வரும் நேரத்தில் அரை மணி நேரத்தை உங்கள் ஆபீஸ் காலண்டரில் அடைத்து வைப்பது நல்லது. வந்ததும் பையை எறிந்துவிட்டு அன்றைக்கு நடந்ததைச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் ஒரு மணி நேரம் தன்பாட்டில் இருப்பாள். கேட்காமல் விட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுவாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படித்தான் இருக்கும்.

இனி கதவில்லாத இருக்கை. டைனிங் டேபிளை விட்டு வெளியே வாருங்கள், அது சாப்பிடுகிற இடம். ஹாலில் ஒரு மூலையில், முதுகு சுவரைப் பார்க்கும்படி 4 அடிக்கு 2 அடி மேஜை போட்டால் போதும். அதற்கும் இடமில்லையென்றால் சுவரில் பொருத்தும் மடக்கு மேஜை. சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பால்கனி ஆசை எல்லோருக்கும் வரும், ஊர் வானிலையும் அப்படி. ஆனால் தூசியும் ஹாரன் சத்தமும், வெளிச்சத்தில் திரை தெரியாததும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் உள்ளே துரத்திவிடும். ஏப்ரல், மே மாத மாலை மழைச் சாரல் வேறு. காபியோடு ஏதாவது படிக்க மட்டும் பால்கனி.

மேஜையைப் போடும்போது ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வீடியோவில் முகம் கறுத்துத் தெரியும், திரையிலும் வெளிச்சம் அடிக்கும். பெங்களூர் சுமார் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் சற்றுத் தெற்கே சாய்ந்தே இருப்பதால், வடக்கு ஜன்னலில் நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் கிடைக்கும். மேற்கு ஜன்னல் மதியம் மூன்று மணிக்கு மேல் கண்ணைக் கூசும், கனமான திரை தேவைப்படும்.

நாற்காலிக்குச் செலவு செய்யுங்கள். மேஜை பழசாக இருக்கலாம், நாற்காலி சரியாக இருக்க வேண்டும். புதுசு வாங்கக் கையில் பணம் இல்லையென்றால், மூடிய அலுவலகங்களில் இருந்து வரும் பழைய நாற்காலிகளை விற்கும் கடைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. நல்ல தரமான நாற்காலி புது விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். வாங்கும்போது உயரத்தை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் கேஸ் சிலிண்டர் போய்விட்டது என்று அர்த்தம், வேறு பாருங்கள். கைப்பிடி ஏறி இறங்குகிறதா, முதுகுச் சாய்வு நிற்கிற இடத்தில் நிற்கிறதா, கீழே ஐந்து கால்களும் விரிசல் இல்லாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வாடகைக்கு ஃபர்னிச்சர் தரும் நிறுவனங்களும் இங்கே உண்டு. ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய அது நல்ல வழி.

உயரக் கணக்கு முக்கியம், நம்மூர்ப் பெண்களுக்கு இன்னும் முக்கியம். கடையில் கிடைக்கும் மேஜைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி இரண்டங்குலம் உள்ள ஒருவர் நாற்காலியை உடம்புக்குச் சரியாக இறக்கி உட்கார்ந்தால் மேஜை அவருக்கு உயரமாகிவிடும். தோளைத் தூக்கிக்கொண்டே டைப் செய்வார், சாயங்காலம் கழுத்து வலிக்கும். மேஜைக்கு ஏற்ப நாற்காலியை ஏற்றினால் கால் தரையில் படாது, தொடை மரத்துப்போகும். இதற்குத் தீர்வு எளிது. முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றிவிட்டு, காலுக்கடியில் ஒரு பலகை போட வேண்டும். வீட்டில் மணை இருந்தால் அதுவே போதும், உயரம் போதாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. லேப்டாப்பை அப்படியே மேஜையில் வைத்து எட்டு மணி நேரம் குனியாதீர்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி ஸ்டாண்டிலோ தடித்த புத்தகங்களின் மேலோ வைத்து, தனி கீபோர்டும் மவுஸும் சேருங்கள். இரண்டும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். இரண்டு இருக்கையிலும் இந்தச் சாமான்கள் நிரந்தரமாக இருந்தால்தான் இடம் மாறிக்கொள்வது சுலபமாகும். லேப்டாப் மட்டும்தான் நகர வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். இங்கே மழைக்கு முன் வீசும் காற்றுக்கே கரண்ட் போகிற ஏரியாக்கள் உண்டு. அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருந்தாலும், அது எடுக்கச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடியில் ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து இணைப்புப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். கால் அதற்குள் அறுந்துவிடும். ஆகவே முதல் வேலையாக ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். ஒன்றரை ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். 12 வோல்ட் ரவுட்டரை மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். லேப்டாப்பில் அதன் சொந்த பேட்டரி இருக்கிறது.

இதில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை இன்டர்நெட்காரரிடம் கேளுங்கள்: ஃபைபர் ஒயர் நேராக வீட்டுக்குள் வருகிறதா, இல்லை கட்டிடத்தின் கீழே ஒரு பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து லேன் கேபிளா? வீடுவரை ஃபைபர் வரும் ஜிபான் முறையில் வழியில் இருக்கும் பிரிப்பான்களுக்குக் கரண்ட் தேவையில்லை. உங்கள் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் நெட்டும் பெரும்பாலும் இருக்கும். கீழே ஸ்விட்ச் பெட்டி என்றால், அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனதும் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை. இரண்டாவது வழியாகப் போன் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளுங்கள். அந்த சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும்.

வேகத்துக்காகப் பெரிய பிளான் எடுக்க வேண்டாம். வீடியோ கால் ஒன்றுக்கு இரு பக்கமும் நான்கு எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். இரண்டு கால் ஒரே நேரத்தில், கூடவே டிவியில் ஏதாவது ஓடினாலும் 100 எம்பிபிஎஸ் பிளான் போதும். சிக்கல் பெரும்பாலும் வீட்டுக்குள் வைஃபையில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தளரும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் பத்து வீட்டு ரவுட்டர்களும் அதிலேயே முட்டிக்கொள்ளும். கதவுள்ள அறை மேஜை வரைக்கும் சுவர் ஓரமாக ஒரு கேட்-6 லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். வீடு முழுக்க வைஃபை பரப்பும் மெஷ் ரவுட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, கால் நடுவில் உறையாது.

முழு வீட்டுக்கும் இன்வெர்ட்டர் வேண்டுமா என்றால், கட்டிடத்தில் ஜெனரேட்டர் இல்லையென்றால் வேண்டும். கணக்கு இப்படி. லேப்டாப் இரண்டு 100 வாட், மானிட்டர் இரண்டு 50, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு 60, விளக்கு 20, ரவுட்டர் 10. மொத்தம் 240 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும். இழப்பெல்லாம் போக 1200 கைக்கு வந்தாலும் ஐந்து மணி நேரம் ஓடும். பழைய ஃபேன் ஒன்றே 75 வாட் இழுக்கும் என்பதால் ஃபேனை மாற்றுவது பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட லாபம். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதில் போட்டு வையுங்கள். கரண்ட் மாறும் நேரம் குறைந்து ரவுட்டரும் மானிட்டரும் அணையாமல் இருக்கும்.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடுங்கள். அதே 240 வாட், ஒன்பது மணி நேரம், மாதத்தில் 13 நாள் என்றால் சுமார் 28 யூனிட். சின்னத் தொகைதான். ஆனால் 2023-இல் தொடங்கிய, கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். 180-ஐத் தொடுகிற வீட்டில் இந்த 28 யூனிட் கணக்கையே மாற்றிவிடும். 2000 வாட் கீசர் அரை மணிக்கு ஒரு யூனிட் எடுக்கிறது, குறைப்பதென்றால் அங்கே குறையுங்கள்.

கடைசியாக மூன்று பெட்ரூம் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வாடகை ஏற்றம் ஒரு பக்கம், அட்வான்ஸ் இன்னொரு பக்கம். மேலே சொன்னதெல்லாம் சேர்த்து, இன்வெர்ட்டரை விட்டுவிட்டால், ஒரு மாதத்து வாடகையை ஒட்டியே முடிந்துவிடும். அப்புறம், கதவு யாருக்கு என்று பேசிக்கொள்ளாமல் மூன்றாவது அறைக்குப் போனால் அங்கேயும் ஒருவர் டைனிங் டேபிளில்தான் இருப்பார். மகள் ஐந்து, ஆறாம் வகுப்பு வரும்போது எப்படியும் அவளுக்கு ஓர் இடம் தேவைப்படும், அப்போது சேர்த்து யோசிக்கலாம். அன்றைக்கு வீடு பார்க்க ஞாயிறு காலையில் போகாதீர்கள், வேலை நாளில் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். உள் அறையில் கதவைச் சாத்திவிட்டு யாருக்காவது வீடியோ கால் போட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். பக்கத்தில் கட்டிட வேலை நடக்கிறதா, ஜெனரேட்டர் எந்தெந்த பாயிண்ட்டுக்கு வருகிறது, வீடுவரை ஃபைபர் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடமும் மேல்மாடிக்காரரிடமும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வாடகையைப் பற்றிப் பேசுங்கள்.